இரண்டு ஸ்பார்க் பிளக்கும், எந்தக் கோர்ட் என்ற கேள்வியும்

பல்சர் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் வண்டியில் "டிடிஎஸ்-ஐ" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் "ஸ்பீடா போகும்னு அர்த்தம்" என்பார்கள் :-) டிஜிட்டல் ட்வின் ஸ்பார்க் இக்னிஷன் என்பதன் சுருக்கம் அது. சாதாரண பைக்கில் ஒரு சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக். இதில் இரண்டு. இரண்டு பக்கமிருந்தும் தீப்பொறி விழுவதால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சீக்கிரமாகவும் முழுசாகவும் எரியும். மைலேஜ் கூடும். அவ்வளவுதான் சங்கதி.

இந்த இரண்டாவது ஸ்பார்க் பிளக்குக்காகத்தான் இந்தியாவின் இரண்டு பெரிய பைக் கம்பெனிகள் 12 வருடம் கோர்ட்டில் நின்றன. பி.காம் மூன்றாம் வருடம் படிக்கும் எனக்கு என்ஜினைப் பற்றி எழுதத் தகுதி இல்லை. ஆனால் அந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் என்ஜின் இல்லை. எங்கே வழக்குப் போடுவது என்ற கேள்வி. டெக்னாலஜி பேட்டன்ட் சண்டைகளில் பாதி வெற்றி அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் இதற்கு ஃபோரம் ஷாப்பிங் என்று ஒரு கிண்டலான பெயர் உண்டு. ஜவுளிக்கடையில் நாலு புடவையை விரித்துப் பார்த்து ஒன்றை எடுப்பது மாதிரி, நாலு கோர்ட்டைப் பார்த்துத் தனக்குத் தோதான ஒன்றை எடுப்பது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், எந்த நாட்டாமையிடம் போனால் தீர்ப்பு நம் பக்கம் விழும் என்று பார்த்துப் பிராது கொடுப்பது.

முதலில் பைக் கதை.

பஜாஜ் ஆட்டோ புனே கம்பெனி. 2002 ஜூலை 16 அன்று இரட்டை பிளக் என்ஜினுக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தது. 2005 ஜூலை 7 அன்று கிடைத்தது. எண் 195904. சிறிய சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு பிளக் வைப்பதுதான் அதன் சாரம். நடுவில் 2003லேயே பல்சர் டிடிஎஸ்-ஐ ரோட்டுக்கு வந்து சக்கைப்போடு போட ஆரம்பித்துவிட்டது.

டிவிஎஸ் மோட்டார் நம்மவர்கள். பேக்டரி ஓசூரில், பதிவு அலுவலகம் அப்போது சென்னை ஹாடோஸ் சாலையில். 2007 ஆகஸ்ட் கடைசியில் 'ஃபிளேம்' என்று ஒரு 125 சிசி வண்டியை அறிமுகப்படுத்தினார்கள். அதில் மூன்று வால்வு, இரண்டு பிளக். ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்திடம் முறைப்படி வாங்கிய தொழில்நுட்பம் என்றார்கள். பஜாஜ் செப்டம்பர் முதல் வாரத்திலேயே "இது எங்கள் பேட்டன்ட், இவர்கள் மீறிவிட்டார்கள்" என்று வெளியில் சொல்லிவிட்டது.

இதற்குப் பின் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஃபிளேமை வெளியிடுவதற்கு முன்பே, ஆகஸ்ட் 24 அன்று, பஜாஜின் பேட்டன்டையே ரத்து செய்யுங்கள் என்று டிவிஎஸ் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில் மனு போட்டுவிட்டது. அந்த வாரியத்தின் தலைமையிடம் சென்னை. அந்த வாரியத்துக்குப் பேட்டன்ட் விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரம் வந்ததே 2007 ஏப்ரல் 2 அன்றுதான். அதாவது கடை திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, டிவிஎஸ் வாசலில் நிற்கிறது! அடுத்து, பஜாஜ் தங்கள் பெயரைக் கெடுத்துவிட்டது என்று மும்பை ஐகோர்ட்டில் ஒரு அவதூறு வழக்கு. பிறகு அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டில் இன்னொன்று.

இந்தக் கடைசி வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1970ஆம் வருடத்துப் பேட்டன்ட் சட்டத்தில் 106ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் உங்களைப் பார்த்து "என் பேட்டன்டை மீறிவிட்டாய், உன் மேல் கேஸ் போடுவேன்" என்று ஆதாரமில்லாமல் மிரட்டினால், அவர் கேஸ் போடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. "இது வெற்று மிரட்டல் என்று அறிவியுங்கள்" என்று நீங்களே முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். திருடன் என்று சொல்லப்பட்டவன் போலீஸ் வருவதற்குள் தானே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற மாதிரி. இதில் என்ன லாபம்? எந்த ஸ்டேஷன் என்பதை அவன் தேர்ந்தெடுக்கலாம்!

டிவிஎஸ் சென்னையில் போட்டது. பஜாஜும் தன் மீறல் வழக்கைச் சென்னை ஐகோர்ட்டிலேயே தாக்கல் செய்தது. புனே கம்பெனி ஏன் எதிராளியின் சொந்த ஊருக்கு வந்து சண்டை போட வேண்டும்? அதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். (பிசினஸ் லா பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் அடுத்த நான்கு பத்திகளைக் கட்டாயம் படிக்கவும்.)

நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்வது எளிமையானது. பிரதிவாதி எங்கே வசிக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ அங்கே வழக்குப் போடு. அல்லது தகராறுக்கான காரணம் முழுசாகவோ கொஞ்சமாவதோ எங்கே உண்டானதோ அங்கே போடு. பதிப்புரிமைச் சட்டமும் டிரேட்மார்க் சட்டமும் இதற்கு மேல் ஒரு சலுகை கொடுக்கின்றன. வாதி தான் தொழில் செய்யும் ஊரிலேயே போடலாம். பாட்டுத் திருடப்பட்ட இசையமைப்பாளர் ஊர் ஊராக அலைய வேண்டாம் என்ற நல்லெண்ணம். அந்தச் சலுகையையும் நீட்டி முழக்கிவிடக் கூடாது என்று 2015இல் சஞ்சய் டாலியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் கடிவாளம் போட்டது. பேட்டன்ட் சட்டத்தில் அந்தச் சலுகையே கிடையாது. பழைய விதிதான். எதிராளி வீடு, அல்லது மீறல் நடந்த இடம்.

இதில்தான் ஒரு ஓட்டை. மீறல் நடந்த இடம் எது? பொருள் விற்கும் இடமெல்லாம் மீறல் நடந்த இடம்தான். ஒரு பைக் நாடு முழுக்க விற்றால், நாடு முழுக்க வழக்குப் போட இடமுண்டு என்று வாதாடலாம். மகாராஷ்டிராவில் ஒரு ஷோரூமில் ஃபிளேம் விற்றால் பஜாஜ் மும்பையில் போட்டிருக்க முடியாதா என்று கேட்டால், முயன்றிருக்கலாம். ஆனால் அதே பேட்டன்ட், அதே என்ஜின் பற்றிய வழக்கு ஏற்கெனவே சென்னையில் உட்கார்ந்திருக்கிறது. 106ஆவது பிரிவைக் கையில் எடுத்தபோதே டிவிஎஸ் மைதானத்தை நிர்ணயித்துவிட்டது என்பது என் வாசிப்பு.

சென்னை ஐகோர்ட்டுக்கு நேரடியாகச் சிவில் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு சுவாரசியம். கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஐகோர்ட்டுகள் மூன்றும் 1862இல் விக்டோரியா மகாராணியின் சாசனத்தால் உருவானவை. இன்றைக்கும் செல்லுபடியாவது 1865ஆம் வருடத்துத் திருத்திய சாசனம். அதன் 12ஆவது ஷரத்துப்படி, தகராறின் ஒரு பகுதி மட்டும் சென்னை நகர எல்லைக்குள் நடந்திருந்தால் முன் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே வழக்குப் போடலாம். அந்தச் சாசனத்தின் பெயர் என்ன தெரியுமா? லெட்டர்ஸ் பேட்டன்ட்! பேட்டன்ட் என்றால் 'திறந்த' என்று பொருள். மூடி முத்திரையிடாமல் எல்லோரும் படிக்கும்படி ராஜா கொடுக்கும் கடிதம். கண்டுபிடிப்பாளருக்குக் கொடுத்த உரிமையும் அப்படிப்பட்ட ஒரு கடிதம்தான், கோர்ட்டுக்குக் கொடுத்த அதிகாரமும் அப்படிப்பட்ட ஒரு கடிதம்தான். பேட்டன்ட் வழக்கை எங்கே போடுவது என்பதையே ஒரு பேட்டன்ட்தான் தீர்மானிக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பேட்டன்ட் சட்டத்தின் 104ஆவது பிரிவு, மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே எங்கும் போடக் கூடாது என்கிறது. அப்படியென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். பெரம்பலூரிலும் போடலாம், அரியலூரிலும் போடலாம்! ஆனால் அதே பிரிவில் ஒரு வால் இருக்கிறது. "இந்தப் பேட்டன்டே செல்லாது, ரத்து செய்யுங்கள்" என்று பிரதிவாதி எதிர்வழக்கு வைத்தால், மொத்தக் கட்டும் ஐகோர்ட்டுக்குப் போய்விடும். பேட்டன்ட் வழக்கில் மாட்டிய எவரும் வழக்கமாகச் சொல்லும் பதில் அதுதான். ஆக, கோர்ட்டைத் தேர்ந்தெடுப்பது வாதி மட்டும் இல்லை. ஒரே ஒரு மனுவில் பிரதிவாதியும் கோர்ட்டை மாற்றிவிடலாம்.

எந்த ஐகோர்ட்? இங்கேதான் தமாஷ். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது அரியலூர். 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரித்தார்கள். (டிவிஎஸ், பஜாஜ் வக்கீல்கள் சென்னையில் மும்முரமாக இருந்த அதே மாதம். நான் அப்போது பால்வாடி.) நடுவில் 2004 ஜூலையில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தது. தாய் மாவட்டமான திருச்சி மதுரைக்குப் போயிற்று. பக்கத்துத் தஞ்சாவூரும் கரூரும் மதுரைக்கு. பெரம்பலூரும் அரியலூரும் மட்டும் சென்னையோடு நின்றுவிட்டன. பெரம்பலூரிலிருந்து மதுரை 200 கிலோமீட்டருக்குள். சென்னை சுமார் 270. எந்தக் கோர்ட் என்று தேர்ந்தெடுக்கிற சுகமெல்லாம் நமக்கு இல்லை. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டார்கள்.

சரி, ஏன் இத்தனை பாடு? சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே, எந்தக் கோர்ட்டாக இருந்தால் என்ன?

விடை பைக் வழக்கிலேயே இருக்கிறது. 2008 பிப்ரவரி 16 அன்று நீதிபதி பி. ஜோதிமணி பஜாஜுக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். இரட்டை பிளக் ஃபிளேமை விற்க முடியாது. டிவிஎஸ் வேறு வழியின்றி ஒற்றை பிளக்கோடு ஃபிளேமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009 மே 18 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை ரத்து செய்தது. பஜாஜ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2009 செப்டம்பர் 16 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஏ.கே. கங்குலியும் "டிவிஎஸ் விற்கட்டும், ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் சரியான கணக்கு வைத்திருக்கட்டும், ரிசீவர் ஒருவரை நியமியுங்கள், மூல வழக்கை நவம்பர் 30க்குள் முடியுங்கள்" என்றார்கள். அதோடு நிற்கவில்லை. அறிவுசார் சொத்து வழக்குகளில் எல்லோரும் இடைக்காலத் தடைக்காக மட்டுமே வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள், இறுதி விசாரணைக்கு வருவதே இல்லை, இனி தினமும் விசாரித்து நாலு மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எல்லாக் கோர்ட்டுகளுக்கும் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

2009 நவம்பர் 30 வந்தது, போனது. 2019இல்தான் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் சமாதானம் பேசி எல்லா வழக்குகளையும் முடித்துக்கொண்டன. இரட்டை பிளக் பேட்டன்ட் செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கடைசிவரை இறுதித் தீர்ப்பு எழுதவில்லை. பேட்டன்டின் ஆயுளே 20 வருடம். 2002இல் தொடங்கியது 2022இல் தானாகவே காலாவதி.

பி.காம் மாணவன் கண்ணோடு இதைப் பாருங்கள். அந்த வழக்கில் பணத்தைப் பாதித்த ஒரே ஆர்டர் எது? 2008 பிப்ரவரியில் வந்த இடைக்காலத் தடை. 15 மாதம் ஒரு புது வண்டி அதன் முக்கியமான அம்சம் இல்லாமல் விற்றது. விளம்பரச் செலவு, ஸ்பேர் பார்ட்ஸ், டீலர் போட்ட முதல், எல்லாம் அந்த 15 மாதத்தில் அடிவாங்கும். தடை நீங்கி வரும்போது வாடிக்கையாளர் வேறு வண்டிக்கு டியூ கட்டிக்கொண்டிருப்பார். ஆகவே ஒரு கம்பெனி கோர்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பது "எங்கே நியாயம் கிடைக்கும்" என்று இல்லை. "எங்கே இடைக்கால ஆர்டர் சீக்கிரம் கிடைக்கும்" என்றுதான். எதிராளிக்கு அதே கேள்வி தலைகீழாக.

இந்தக் கேள்விக்குக் கடந்த பதினைந்து வருடங்களாக இந்தியாவில் கிடைத்த பதில் டெல்லி. செல்போன் வழக்குகள் அங்கேதான் குவிந்தன. 2013 மார்ச்சில் எரிக்சன் மைக்ரோமேக்ஸ் மேல் டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. அடுத்து இன்டெக்ஸ். 2014 டிசம்பரில் ஷாவ்மி. அந்த ஷாவ்மி வழக்கு நல்ல பாடம். அந்தக் கம்பெனி இந்தியாவுக்குள் வந்ததே 2014 ஜூலையில்தான். கடை கிடையாது, ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்பனை. டிசம்பர் 8 அன்று எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே டெல்லி ஐகோர்ட் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை போட்டது. எட்டு நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் விற்கலாம், போன் ஒன்றுக்கு 100 ரூபாய் கோர்ட்டில் கட்டு என்று தளர்த்தினார்கள். எட்டே நாள். ஆனால் ஆறு மாதக் குழந்தையான ஒரு கம்பெனிக்கு அந்த எட்டு நாள் எப்படி இருந்திருக்கும்!

ஆன்லைன் விற்பனை வந்த பிறகு பழைய விதி இன்னும் இளகிவிட்டது பாருங்கள். ஷோரூம் இருந்தால் "அந்த ஊரில் நான் விற்கவே இல்லை" என்று வாதாடலாம். இணையத்தில் விற்றால் எல்லா பின்கோடும் உங்கள் கடைதான். டெல்லியில் ஒருவர் ஆர்டர் போட்டு ஒரு டப்பா போய்ச் சேர்ந்தால், "மீறல் டெல்லியிலும் நடந்தது" என்று சொல்ல ஒரு ரசீது ரெடி.

இந்த விளையாட்டின் உலக சாம்பியன் டெல்லி இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் மார்ஷல் என்று ஒரு ஊர். ஜனத்தொகை இருபத்தி மூன்றாயிரம் சொச்சம். நம் பெரம்பலூர் டவுனில் பாதிகூட இல்லை. 2015இல் அமெரிக்கா முழுக்கப் போடப்பட்ட பேட்டன்ட் வழக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல், 2500க்கும் அதிகமான வழக்குகள், மார்ஷல் அடங்கிய அந்தக் கிழக்கு டெக்சாஸ் மாவட்டக் கோர்ட்டில்தான் விழுந்தன. ஆப்பிளும் கூகுளும் சாம்சங்கும் அந்த ஊருக்கு வக்கீல்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் என்ன டெக்னாலஜி இருக்கிறது? ஒன்றும் இல்லை.

எப்படி வந்தது? 1990இல் ஒரு தீர்ப்பு, கம்பெனி எங்கெல்லாம் பொருள் விற்கிறதோ அங்கெல்லாம் அதன் மேல் பேட்டன்ட் வழக்குப் போடலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நம் ஊர் ஓட்டையேதான். அதே காலத்தில் டல்லஸ் நகரத்தின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி, தன் ஊர் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வேலை குறைவாக இருந்த மார்ஷலுக்குப் போக ஆரம்பித்தது. 1999இல் ஜான் வார்டு என்பவர் அங்கே நீதிபதியாக வந்தார். பேட்டன்ட் வழக்குக்கென்று தனி விதி, இத்தனை நாளுக்குள் இந்தக் காகிதம், இத்தனை மாதத்துக்குள் விசாரணை என்று கறாரான கால அட்டவணை போட்டார். அவ்வளவுதான். சொத்தாகப் பேட்டன்டை மட்டும் வைத்துக்கொண்டு, எதையும் தயாரிக்காமல், வழக்குப் போட்டே சம்பாதிக்கும் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. ஊரில் ஹோட்டல் நிரம்பியது, வாடகைக்கு ஆபீஸ் கிடைக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் பூட்டிய அறைகள் பல, "நாங்கள் இந்த ஊர் கம்பெனி" என்று காட்டிக்கொள்ள!

அங்கே தீர்ப்புச் சொல்வது ஜூரி, அதாவது ஊர்மக்கள். ஊர்மக்களிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டுமே. சாம்சங் மார்ஷல் கோர்ட்டுக்கு எதிரிலேயே குளிர்காலத்தில் ஜனங்கள் சறுக்கி விளையாட ஒரு பனித்தளத்துக்குப் பணம் கொடுத்தது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பும் கொடுத்தது. நம் ஊரில் திருவிழாவுக்கு மைக்செட் ஸ்பான்சர் பண்ணுகிற மாதிரி :-)

2017 மே 22 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் டி.சி. ஹார்ட்லாண்ட் வழக்கில் கதவைப் பாதி மூடியது. கம்பெனி பதிவான மாநிலத்தில் வழக்குப் போடு. இல்லையென்றால், அதற்கு நிரந்தரமான தொழில் இடம் இருந்து மீறலும் அங்கே நடந்திருந்தால் போடு. எங்கெங்கோ போடாதே. 2019 ஏப்ரலில் ஆப்பிள், கிழக்கு டெக்சாஸ் எல்லைக்குள் இருந்த தன் இரண்டு கடைகளையும் மூடிவிட்டு எல்லைக்குச் சற்று வெளியே டல்லஸில் ஒன்றைத் திறந்தது. ஆப்பிள் காரணம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த காரணத்தை எதற்குச் சொல்ல வேண்டும்!

கதவைப் பாதி மூடினால் கூட்டம் ஜன்னலுக்குப் போகும். 2018இல் அதே மாநிலத்தின் வேக்கோ என்ற ஊருக்கு ஆலன் ஆல்பிரைட் நீதிபதியாக வந்தார். தானே பேட்டன்ட் வக்கீலாக இருந்தவர். பேட்டன்ட் வழக்குகளை வெளிப்படையாகவே வரவேற்றார். சில வருடங்களில் நாட்டின் பேட்டன்ட் வழக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அவர் ஒருவர் மேஜையில்! 2022 ஜூலையில், வேக்கோவில் போடும் பேட்டன்ட் வழக்குகளைப் பன்னிரண்டு நீதிபதிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும்படி தலைமை நீதிபதி உத்தரவிட்ட பின்தான் அந்த அலை ஓய்ந்தது. அதன்பின் வழக்குகள் எங்கே போயின? திரும்ப மார்ஷலுக்கே.

இதெல்லாம் ஒரு நாட்டுக்குள் நடந்த கூத்து. நாடு தாண்டினால் கோர்ட்டும் கோர்ட்டும் மோதிக்கொள்கின்றன. 2020 ஜூனில் ஷாவ்மி, இன்டர்டிஜிட்டல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பேட்டன்ட்களுக்கு எவ்வளவு ராயல்டி தர வேண்டும் என்று உலகம் முழுமைக்கும் நிர்ணயிக்கச் சொல்லி, சீனாவின் வூஹான் கோர்ட்டுக்குப் போனது. ஜூலையில் இன்டர்டிஜிட்டல் டெல்லி ஐகோர்ட்டில் மீறல் வழக்குப் போட்டது. ஆளுக்கொரு கோர்ட், ஆளுக்கொரு தோது. செப்டம்பர் 23 அன்று வூஹான் கோர்ட் இன்டர்டிஜிட்டலுக்கு உத்தரவிட்டது. டெல்லி வழக்கை நடத்தாதே, மீறினால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யுவான் அபராதம்! டெல்லி ஐகோர்ட் சும்மா இருக்குமா? அக்டோபர் 9 அன்று நீதிபதி ஹரிசங்கர், வூஹான் உத்தரவை அமல்படுத்தக் கூடாது என்று ஷாவ்மிக்குத் தடை போட்டார். 2021 மே 3 அன்று அதை உறுதி செய்தார். வழக்குப் போடுவதற்குத் தடை, அந்தத் தடைக்குத் தடை. இந்தியாவில் இந்த வகையில் முதல் உத்தரவு இதுதான். அந்த ஆகஸ்டிலேயே இரண்டு கம்பெனியும் சமாதானமாகப் போய்விட்டன. கேஸ் கட்டு மட்டும் மிச்சம்.

இத்தனையும் படித்த பிறகு, கோர்ட்டைத் தேர்ந்தெடுப்பதே அயோக்கியத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சட்டம் நாலு வாசலைத் திறந்து வைத்தால் எந்த வக்கீலும் கிட்டத்து வாசலில்தான் நுழைவார். அப்படி நுழையாவிட்டால் அவர் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்கிறார். மார்ஷலை வளர்த்தது பேராசை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது ஒரு கால அட்டவணை. பஜாஜும் டிவிஎஸும் போக வேண்டிய இயல்பான கோர்ட்டுக்குத்தான் போனார்கள். பிரதிவாதியின் ஊர். புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி. அங்கே கிடைத்தது 12 வருடம். அதைப் பார்த்த அடுத்த கம்பெனி டெல்லிக்கு ரயில் ஏறினால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பஜாஜ், டிவிஎஸ், எரிக்சன், ஷாவ்மி என்று இதுவரை வந்த எல்லாப் பெயர்களும் எந்த ஊரிலும் வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள். பெரம்பலூர் மக்காச்சோளம் விளையும் பூமி. ஒரு கற்பனைக்கு, வேப்பந்தட்டை பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கதிரிலிருந்து சோளம் உதிர்க்கும் இயந்திரம் ஒன்றைத் தன் கைப்பட மாற்றி அமைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வேலை செய்யும் பட்டறை. அவர் பையன் அதை இணையத்தில் விற்பனைக்குப் போடுகிறான். ஒரு பெரிய கம்பெனி, உதிர்க்கும் உருளையின் அமைப்பு தங்கள் பேட்டன்ட் என்று டெல்லியில் வழக்குப் போட்டு, அன்றைக்கே இடைக்காலத் தடை வாங்கிவிடுகிறது. டெல்லியில் ஒரு டப்பா டெலிவரி ஆகியிருக்கிறதே.

இவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாய்தாவுக்கு வாய்தா டெல்லி வக்கீல் பீஸ். அறுவடை சீசன் வருடத்தில் சில மாதம்தான், அந்த மாதங்களில் தடை இருந்தால் வருடமே போச்சு. டிவிஎஸ் மாதிரி ஒற்றை பிளக் போட்டுச் சமாளிக்க இவரிடம் வேறு மாடல் கிடையாது. அந்தப் பேட்டன்ட் செல்லாது என்று நிரூபிக்க இவரிடம் நல்ல ஆதாரமே இருக்கலாம், இருபது வருடத்துக்கு முன்பே பக்கத்து ஊரில் அதே உருளை ஓடியிருக்கலாம். ஆனால் சாட்சி சொல்லப் பக்கத்து ஊர்ப் பெரியவரை டெல்லிக்கு யார் கூட்டிப் போவது? கடைசியில் ராயல்டி என்று ஏதோ கட்டிவிட்டு வருவார், அல்லது பட்டறையில் வெறும் கேட்டு, கிரில் மட்டும் செய்வார்.

இவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வழிகள் சில உண்டு. டெல்லி கோர்ட்டிலேயே ஆஜராகி, இந்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு எல்லை இல்லை, மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கலாம். அல்லது சிவில் நடைமுறைச் சட்டம் 25ஆவது பிரிவின்படி வழக்கைத் தமிழ்நாட்டுக்கு மாற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போடலாம். முதலாவதுக்கும் டெல்லி போக வேண்டும், இரண்டாவதுக்கும் டெல்லி போக வேண்டும்!

106ஆவது பிரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்கே, எதிர்த்தரப்பு வழக்குப் போடுவதற்குள், "இது வெற்று மிரட்டல்" என்று தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்குப் போட்டு மைதானத்தை முதலில் பிடிக்கலாம். டிவிஎஸ் செய்ததும் அதுதான். ஆனால் அதற்கு முதலில் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸே அனுப்பாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போகிற எதிராளியிடம் இந்தப் பிரிவு பலிக்காது.

கடைசியாக ஒரு தகவல். டிவிஎஸ் முதலில் கதவைத் தட்டிய அந்தச் சென்னை வாரியம் இன்றைக்கு இல்லை. 2021 ஏப்ரல் 4 அன்று மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. அதன் வேலைகள் ஐகோர்ட்டுகளுக்குப் போயின. டெல்லி ஐகோர்ட் மூன்றே மாதத்தில், 2021 ஜூலையில், அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. சென்னை ஐகோர்ட்டின் தனிப் பிரிவுக்கான விதிகள் 2023 ஏப்ரலில் அரசிதழில் வந்தன. அந்த இரண்டு வருட இடைவெளியில் எத்தனை வழக்குகள் வடக்கே ரயில் ஏறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பேட்டன்டுக்கென்று நீதிபதி, அதற்கென்று விதி, விசாரணைக்குக் கால அட்டவணை எல்லாம் இப்போது சென்னையிலும் உண்டு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை சென்னை, பத்தரை மணிக்குக் கோர்ட்.